ஒன்பதாம் வகுப்பில் சறுக்கும் பிள்ளை: எங்கிருந்து தொடங்குவது?

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறந்ததும் விடைத்தாள்களைக் கொடுப்பார்கள். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பல வருடமாக எங்கள் ஊரில் மாலை டியூஷன் எடுக்கிறேன், அதனால். அழைப்பது யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "சார், பையனுக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படிக்கணும்ங்கிற எண்ணம்தான் இல்ல. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்லி ஒரு பிள்ளை படிக்க ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. ஒரு கணக்கு தானாகப் போட வந்துவிட்டால் அடுத்த கணக்குக்கும் நோட்டைத் திருப்புகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்வம் வந்தால் படிப்பான் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். நடப்பது தலைகீழ்: கொஞ்சம் புரிந்தால்தான் ஆர்வமே எட்டிப் பார்க்கும். 13, 14 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு முதல்முறை திணறும் பெற்றோருக்காக, நான் கடைப்பிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். அறிவுரை சொல்லும் வேலை மட்டும் இதில் உங்களுக்குக் கிடையாது.

ஏன் இந்த வகுப்பில்?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் விழுந்த ஓட்டை ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வெளியே தெரியாமல் வந்துவிட முடியும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பருவத்துக்கு ஒரு மெல்லிய புத்தகம். ஒன்பதில் ஆண்டு முழுவதற்கும் ஒரே தடிமனான புத்தகம். கணக்கில் கண மொழி, மெய்யெண்கள், முக்கோணவியல் என்று ஒவ்வொரு இயலும் பழையதைத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்கும்.

இதோடு கொரோனாக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2025-26இல் ஒன்பதாம் வகுப்பு படித்த பிள்ளை, 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூன்றாம் வகுப்பு. தொடக்கப் பள்ளிகளைத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நான்காம் வகுப்பு முழுவதும், ஐந்தில் பாதியும் போனில் போய்விட்டது. நீள் வகுத்தலும் பின்னமும் பழகுகிற வயது அது. இதைச் சொன்னதும் "அட, ஆமா சார்" என்று பெற்றோர் அமைதியாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவரை அவர்கள் 'சோம்பேறி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வேலை: மதிப்பெண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைப் படியுங்கள்

விடைத்தாள் வந்த அன்று எதுவும் செய்யாதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, வீட்டில் யாருக்கும் கோபம் இல்லாத நேரமாகப் பார்த்து, பிள்ளையோடு உட்கார்ந்து தாளைப் புரட்டுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன மதிப்பெண்கள் எங்கே போயின?

உதாரணத்துக்கு, கணக்கில் 100க்கு 31 எடுத்த பையன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பிலும் பெரும்பாலான பள்ளிகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அமைப்பிலேயே வினாத்தாள் தருகின்றன: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அவனுடைய தாளைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்:

எட்டு மதிப்பெண் வினா இரண்டையும் தொடவே இல்லை: 16
ஒரு மதிப்பெண்ணில் தப்பியவை: 8
இயற்கணிதத்தில் எழுதாமல் விட்ட நான்கு ஐந்து மதிப்பெண் கணக்குகள்: 20
கூட்டல், கழித்தல் குறியில் பிழை: 12
வினாவைத் தப்பாகப் பார்த்து எழுதியது, பாதியில் நிறுத்தியது: 13

ஆக 69. இப்போது '31' என்ற எண்ணின் முகமே மாறிவிடுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்களில் பெரும்பகுதி பாடத்தின் பின்பக்கத்திலிருந்தே வரும். எட்டு மதிப்பெண்ணில் ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று வரைபடம். கணக்கே வராது என்கிற பிள்ளைகூடப் பழகினால் எடுக்கக்கூடிய மதிப்பெண் அது. ஏன் விட்டான் என்று கேட்டால் பாதி நேரம் பதில், "காம்பஸ் கொண்டு போகலப்பா." அல்லது காம்பஸின் திருகு தளர்ந்திருக்கும். அதை வைத்து வட்டம் போட்டால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேராது. பையன் அழித்து அழித்துத் தாளைக் கிழித்துவிட்டு அந்தக் கேள்வியையே விட்டுவிடுவான். நல்ல காம்பஸ் ஒன்று வாங்கிக் கொடுப்பதைவிடப் பயனுள்ள ஊக்கப் பேச்சு எதுவும் அந்த வாரத்தில் இல்லை.

மற்ற பாடங்களிலும் இதே பிரிப்பைச் செய்யுங்கள். சமூக அறிவியலில் தெரியாததைவிட நேரம் போதாததால் விட்டவை அதிகம் இருக்கலாம். அறிவியலில் படத்துக்குப் பாகம் குறிக்காமல் விட்டிருக்கலாம். எழுதி முடித்ததும் நோட்டை மூடி வையுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது: எந்த வகுப்பில் நின்றுபோனது?

குறிப் பிழை 12, இயற்கணிதம் 20 என்று வந்ததே, அவை ஒன்பதாம் வகுப்பின் நோய்கள் அல்ல. கீழே இறங்கிப் போய்த் தேட வேண்டும். நான் புதிதாக வரும் எல்லோருக்கும் கொடுப்பது இந்த எட்டுக் கணக்குகள்:

2/3 + 1/4 எவ்வளவு? 7 − 12? −5 − 3? (−4) × (−6)? 240இல் 15 சதவீதம் எவ்வளவு? 1,008ஐ 12ஆல் வகுக்க. 400 ரூபாயை 3:5 என்று பிரிக்க. 0.5, 0.35 இரண்டில் எது பெரியது?

கடைசிக் கேள்வியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் 0.35 என்று எழுதுகிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 35 பெரிய எண் அல்லவா, அதனால். −5 − 3க்கு 8 என்று எழுதும் பிள்ளை "மைனசும் மைனசும் பிளஸ்தானே" என்று நம்பிக்கையோடு சொல்லும். பெருக்கலுக்கு உரிய விதியைக் கூட்டலுக்கும் சேர்த்து மனப்பாடம் செய்த கோளாறு இது. எங்களிடம் வந்த ஒரு பெண் குழந்தை ஏழாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான் வகுப்பில் முழுக்களை, அதாவது மைனஸ் எண்களும் சேர்ந்த பாடத்தை, நடத்தி முடித்திருந்தார்கள். இரண்டு வருடமாக அந்தப் பெண்ணை எல்லோரும் 'கவனக்குறைவு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் எண் கோடு போட்டுப் பழகியதும் குறிப் பிழை பாதிக்கு மேல் நின்றுபோனது.

இதை டெஸ்ட் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள். உங்களுக்கும் ஒன்றிரண்டு தப்பும். தப்பட்டும், வீட்டில் இறுக்கம் குறையும்.

அப்புறம் வாசிப்பு. சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறினால் மற்ற எல்லாப் பாடத்துக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். வாசிக்கவே மூச்சு முட்டுகிறவனுக்குப் புரிந்துகொள்ளத் தெம்பு மிச்சமிருக்காது. ஆங்கில வழிப் பிள்ளைகள் சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. "இதை எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் கவலை இல்லை.

ஓட்டை எந்த வகுப்பில் என்று தெரிந்ததும் அந்த வகுப்பின் புத்தகத்தை எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கையில் ஆறாம் வகுப்புப் புத்தகம் இருப்பது நண்பர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்; தேவையான பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

கண் பரிசோதனை முதலில். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பல பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளை எப்போதும் அசதியாக இருந்தால் இரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடலாம்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கருத்து எனக்கு உண்டு, பலருக்குப் பிடிக்காது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது. "பத்தரை வரைக்கும் முழிச்சிட்டு இருக்கான், காலையில எழுந்திரிக்க மாட்டேங்குறான்" என்பதில் பாதி அவன் குற்றம் இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பது நம் ஊர்ப் பழக்கம். எட்டு மணிக்கே ஊர் அடங்கிய காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். 11 மணிக்குப் படுக்கும் பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் அது புத்தகத்தின் மேல் தூங்குவதைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேச்சு: எங்கே, எப்படி

நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசினால் இந்த வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது. விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அம்மாவோடு வெங்காயம் உரிக்கும்போது, மாடியில் துணி எடுக்கும்போது பேசும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடங்கள் அவை. பேச்சு இந்த அளவில் இருந்தால் போதும்:

"எந்தப் பாடம்டா ரொம்ப மண்டையக் காய வைக்குது?"

"கணக்குதான்மா. மிஸ் வேகமாப் போறாங்க."

"எங்க விட்டுப்போச்சு?"

"தெரியல. முதல்ல இருந்தே."

"சரி. ராத்திரி அந்த நோட்ட எடுத்துட்டு வா, எங்கன்னு பார்ப்போம்."

இங்கே நிறுத்திவிட வேண்டும். "அதான் அப்பவே சொன்னேன், போனை வச்சுட்டுப் படின்னு" என்று ஒரு வரி சேர்ந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வாய் திறக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, பெரியப்பா மகள், "உங்க வயசுல நாங்க எத்தனை கிலோமீட்டர் நடந்து போனோம் தெரியுமா" என்பவை எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது, எத்தனை மணிக்கு உட்காருவது என்ற இரண்டையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் கணக்கு என்று நினைத்திருக்க, அவன் அறிவியல் என்பான். விட்டுக்கொடுங்கள். தானே எடுத்த முடிவைக் காப்பாற்ற அவன் கொஞ்சமாவது மெனக்கெடுவான். உங்கள் முடிவை முறிப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

தினமும் 25 நிமிடம்

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு 25 நிமிடம், ஒரே ஒரு பாடம். வீட்டுப்பாடம் இதில் சேராது. "வெறும் இருபத்தஞ்சு நிமிஷமா?" என்று கேட்பீர்கள். இப்போது அவன் உண்மையில் படிப்பது எத்தனை நிமிடம் என்று மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் எப்படிப் படிக்கிறான் என்பதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே பத்தியை ஒரு குழு இரண்டுமுறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டுமுறை படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். "நேத்து ஒப்பிச்சானே சார், இன்னைக்கு ஒண்ணும் தெரியலங்கிறான்" என்று அம்மாக்கள் சொல்வதன் விளக்கம் இதிலேயே இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை, நேற்றுத் தெரிந்தது உண்மைதான்.

ஆகவே 10 நிமிடம் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு 10 நிமிடம் நினைவில் இருப்பதை எழுதட்டும், தந்திவாசகம் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. மீதி 5 நிமிடம் திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். அதையே மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. கணக்கு என்றால் தீர்த்துவைத்த எடுத்துக்காட்டை மறைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்ப்பது. உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. நான்காம் வகுப்போடு நின்ற ஒரு அம்மா, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "சொல்லு, நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லி மகளைப் பத்தாம் வகுப்பில் கரை சேர்த்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

பக்கத்தில் இருங்கள், மேலே நிற்காதீர்கள். டிவி அணைந்திருக்க வேண்டும். உங்கள் போனும்தான்.

போன் என்றதும் ஒன்று. பிடுங்கி வைப்பதால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில் வருகிறது என்று அவனுக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். எங்கள் வீட்டு ஏற்பாடு இது: எல்லா சார்ஜரும் ஹாலில். இரவு 9:30க்கு எல்லா போனும் அங்கே, அப்பாவுடையதும் சேர்த்து. முதல் வாரம் அதிகம் கஷ்டப்பட்டது நான்தான்.

பரிசும் பாராட்டும்

"90 எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்பதில் இரண்டு கோளாறு. 31இல் நிற்பவனுக்கு 90 என்பது நிலா. அவன் அன்றைக்கே கைவிட்டுவிடுவான். மற்றது கொஞ்சம் நுணுக்கமானது. 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும், படம் வரைவதை விரும்பிச் செய்யும் சிறு குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசு பேசப்படாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதி அளவுக்குத்தான் இவர்கள் வரைந்தார்கள். பிடித்த வேலை கூலி வேலையாகிவிட்டது. சைக்கிள் வேண்டும் என்றால் பள்ளிக்குப் போகத் தேவை என்று வாங்கிக் கொடுங்கள், மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பாராட்டு தாராளமாக வேண்டும், ஆனால் குறிப்பாக. "நீ புத்திசாலிடா" என்று சொல்லாதீர்கள். அப்படிப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிய வேலையையே தேர்ந்தெடுத்தார்கள், ஒருமுறை தோற்றதும் துவண்டார்கள் என்று முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் காட்டினார்கள். பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். "மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டியே, கடைசில வந்துருச்சு பாத்தியா" என்று சொல்லுங்கள்.

எதற்குப் படிக்கிறோம் என்று கண்ணில் காட்டுங்கள்

'நல்ல வேலை' என்பது 14 வயதுக்கு வெறும் சத்தம். பக்கத்தில் இருக்கும் விஷயங்கள்தான் ஏறும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளை எட்டில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது: பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. தன் பெயருக்கு வங்கியில் பணம் வருவது அந்த வயதில் தரும் நிமிர்வே வேறு. ஒன்பதில் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குத் திறனாய்வுத் தேர்வு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது.

படிப்பே ஒட்டாது என்று தோன்றும் பையனை ஒரு சனிக்கிழமை பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போங்கள். பத்தாவது முடித்தால் மூன்று வருடத்தில் டிப்ளமோ. லேத்துக்கு முன்னால் நின்று கண் விரிந்தவன், அதற்குக் கணக்கில் தேர்ச்சி வேண்டும் என்று தெரிந்து அடுத்த வாரம் தானே காம்பஸ் எடுத்த கதை என்னிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

பள்ளியில் கேட்க வேண்டியது

ஆசிரியரிடம் போய் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "இன்னும் நல்லாப் படிக்கணும்" என்பதே பதிலாக வரும். 60 பிள்ளை இருக்கும் வகுப்பில் அவர் வேறு என்ன சொல்வார்? நோட்டைக் கொண்டுபோய், "குறிப் பிழைதான் அதிகம் மிஸ், வகுப்புல எழுந்து கேட்கத் தயங்குறான். முன் பெஞ்சுல உட்கார வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். சின்னதாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

டியூஷன் கடைசியில்தான். டியூஷன் வாத்தியார் நானே சொல்கிறேன். ஓட்டை எங்கே என்று தெரியாமல் அனுப்பினால், பள்ளியில் புரியாததை இங்கே இரண்டாம் முறை புரியாமல் கேட்டுவிட்டு வருவான்.

சோம்பல் இல்லாத வேறு காரணங்கள்

நன்றாக இருந்த பிள்ளை ஓரிரு மாதத்தில் சடாரென்று சரிந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், சாப்பாடும் தூக்கமும் கூட்டாளிகளும் குறைந்தால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிடுங்கள். யாராவது மிரட்டுகிறார்களா, தொல்லை தருகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, பள்ளிக் கல்வி வழிகாட்டலுக்கு 14417.

வாயால் கேட்டால் அழகாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன, சிறுவயதிலிருந்தே வாசிப்பு மெதுவாக இருக்கிறது என்றால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பீடு செய்ய வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இதற்காகவே இயங்குகிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பள்ளி வழியாக அனுப்பிவிடுங்கள், தேர்வு நெருங்கிய பிறகு அலைய முடியாது.

அரையாண்டுத் தாள் வரும்போது

ஜனவரியில் அடுத்த கட்டுத் தாள் வரும். 31 என்பது 44 ஆகியிருக்கும், அல்லது 50. 80 ஆகியிருக்காது. அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி அதே ஐந்து வரிகளை எழுதுங்கள். இந்த முறை பேனா அவன் கையில் இருக்கட்டும். எட்டு மதிப்பெண் வரியும் ஒரு மதிப்பெண் வரியும் முதலில் சுருங்கியிருக்கும். இயற்கணிதம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். குறிப் பிழை அவ்வளவு சீக்கிரம் போகாது, அதற்கு முழு ஆண்டுத் தேர்வு வரை ஆகும்.